டிசம்பர் 31இல் கையில் இருப்பது யாருடைய காசு?
(சங்கக் கணக்கை முடிக்கும் பாடம்)



டிசம்பர் பிறந்தால் நம் டிவிசன்களில் கூட்டம் வைக்கும் காலம். மரண சகாய சங்கம், கோயில் கமிட்டி, மாதர் சங்கத்துச் சிறுசேமிப்பு, இளைஞர்களின் விளையாட்டுக் கழகம் என்று லயத்துக்கு லயம் ஏதாவது ஒரு சங்கம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி, ஒரு பொருளாளர், ஒரு வங்கிப் புத்தகம். வருசக் கடைசியில் பொருளாளர் எழுந்து நின்று, "போன வருச மீதி இவ்வளவு, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, இப்ப கையிருப்பு இவ்வளவு" என்று வாசிப்பார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "அதான் இருக்குதானே, பொங்கலுக்கு ஏதாச்சும் குடுத்தா என்ன?" அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

அதற்கு முதல் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த வேலைக்கு வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. 2008ஆம் ஆண்டு முடிவில் ஒரு டிவிசனில் மரண சகாய சங்கத்தின் கணக்கைப் பார்க்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கொப்பியை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். ஒரு சதம் பிசகவில்லை. கையிருப்பு 48,350 ரூபா. சிவப்புப் பேனையால் 'சரி' என்று போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். கூட்டத்தில் எல்லாருக்கும் சந்தோசம். 96 குடும்பங்களுக்கும் பொங்கலுக்கு அரிசி, சீனி, பயறு கொடுப்பது என்று முடிவானது. 43,800 ரூபா போனது.

ஜனவரியில் அந்த டிவிசனில் மூன்று சாவு. மலையில் பனிக் காலம் வயதானவர்களுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அப்போது சங்கம் கொடுக்கும் மரண உதவி 5,000 ரூபா. முதல் சாவு வீட்டுக்கு இருந்ததைத் துடைத்து 4,500 கொடுத்தார்கள். இரண்டாவது சாவு வீட்டுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. டிசம்பர் மாத லொறிக் கூலியே இன்னும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வீட்டு மகன் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பெட்டி வாங்கினார். பிறகு என்னிடம் வந்து கேட்டார்: "எங்கம்மா 22 வருசமா செக்ரோல்ல வெட்டிக் குடுத்த காசு எங்கேங்கய்யா?" நான் என்ன பதில் சொல்வது? அதில் ஐந்து கிலோ அரிசி அந்த அம்மாவின் வீட்டுக்கே போயிருந்தது. உதவிப் பணம் பிப்ரவரியில்தான் கைக்கு வந்தது.

கணக்கில் கூட்டல் பிழை கிடையாது, களவும் கிடையாது. பிறகு பிழை எங்கே? அந்தக் கொப்பி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று எனக்கும் விளங்கவில்லை, கமிட்டிக்கும் விளங்கவில்லை. அதுதான் பிழை.

நம் சங்கங்கள் எல்லாம் எழுதுவது 'காசு அடிப்படை'க் கணக்கு. காசு கைக்கு வந்த அன்று வரவு, கையை விட்டுப் போன அன்று செலவு. வேறு ஒன்றும் இல்லை. சாதாரண தரத்தில் வணிகக் கல்வி படிக்கும் பிள்ளைகளைக் கேட்டால் இன்னொரு முறையும் சொல்வார்கள். அதற்கு 'அட்டுறு அடிப்படை' என்று பெயர். அதில் காசு வந்ததா போனதா என்று பார்ப்பதில்லை. வரவேண்டிய உரிமை எப்போது பிறந்தது, கொடுக்க வேண்டிய கடமை எப்போது பிறந்தது என்றுதான் பார்ப்பார்கள். பெரிய கம்பனிகள் அப்படித்தான் எழுதுகின்றன.

பேர் கடினமாக இருந்தாலும் இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். டிசம்பர் மாதம் முழுக்க மலையில் கொழுந்து எடுக்கிறோம். அந்தச் சம்பளம் கைக்கு வருவது ஜனவரி 10ஆம் திகதி அளவில். அப்படியானால் அந்தக் காசு எந்த வருசத்துக் காசு? உழைத்தது பழைய வருசம், அதனால் பழைய வருசக் காசு என்றால் அது அட்டுறு அடிப்படை. தோட்டக் கம்பனி தன் புத்தகத்தில் டிசம்பர் சம்பளத்தை டிசம்பர் செலவாகவே போடும், உங்களுக்கு இன்னும் கொடுக்காவிட்டாலும் கூட. ஜனவரி 10இல்தான் கையில் வந்தது, அதனால் புது வருசக் காசு என்றால் அது காசு அடிப்படை. வீட்டில் அம்மாமார் போடும் கணக்கு இதுதான். டிசம்பர் 28இல் கடைக்காரரிடம் போய் "சம்பளம் இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை, "சம்பளம் வரும்" என்றுதான் சொல்கிறோம்.

காசு அடிப்படை நல்ல முறைதான். எழுதுவது சுலபம். படிப்பு குறைந்தவர்களும் பிடித்துக்கொள்ளலாம், ஏமாற்றுவதும் கஷ்டம். ஏனென்றால் கொப்பியில் உள்ள மீதியும், பெட்டியில் உள்ள காசும் வங்கிப் புத்தகமும் ஒத்துவர வேண்டும். ஆனால் அதற்கு ஒரு கண் குருடு. கைக்கு வராததும், கையை விட்டுப் போகாததும் அதற்குத் தெரியாது. டிசம்பர் 31இல் கடைக்குக் கடன் இருந்தாலும், சாவு வீட்டுக்குக் கொடுக்க இருந்தாலும் கொப்பி பேசாமல்தான் இருக்கும்.

இப்போது ஒரு சங்கத்தை உதாரணத்துக்கு எடுத்துக் கணக்கை முடித்துப் பார்ப்போம். இது நான் உண்டாக்கிய சங்கம். யாரும் தங்கள் டிவிசன் என்று கோபிக்க வேண்டாம்.

அங்கத்தவர் 120 பேர். மாதச் சந்தா 100 ரூபா. 110 பேருக்குச் செக்ரோலில் வெட்டுகிறார்கள். மற்ற 10 பேர் வேலையிலிருந்து நின்றவர்கள், வருசத்துக்கு 1,200 ரூபாவைக் கையில் கொடுப்பவர்கள். மரண உதவி 15,000 ரூபா. வங்கியில் 50,000 ரூபா நிலையான வைப்பும் இருக்கிறது. ஜனவரி முதலாம் திகதி கையில் 1,500, சேமிப்புப் புத்தகத்தில் 38,500, ஆக மீதி 40,000.

அந்த வருச வரவு:
செக்ரோல் சந்தா – 1,21,000
கையில் கட்டிய சந்தா – 12,000
அடுத்த வருசத்துக்கு 3 பேர் முன்கூட்டிக் கட்டியது – 3,600
புது அங்கத்தவர் பிரவேசக் கட்டணம் – 1,000
கொடுத்த கடன் திரும்பி வந்தது – 18,000
கதிரை, பாத்திர வாடகை – 9,000
நிலையான வைப்பு வட்டி – 4,000
வரவு மொத்தம் – 1,68,600

செலவு:
மரண உதவி 6 பேருக்கு – 90,000
லொறி, வான் கூலி – 12,000
அங்கத்தவருக்குக் கொடுத்த கடன் – 20,000
கதிரை வாங்கியது – 16,000
கொப்பி, பஸ் காசு முதலியன – 2,500
வட்டியில் வங்கி பிடித்த வரி – 400
செலவு மொத்தம் – 1,40,900

பழைய மீதி 40,000உடன் வரவு 1,68,600ஐக் கூட்டினால் 2,08,600. அதில் செலவு 1,40,900 போக மீதி 67,700. கையில் 2,700, வங்கியில் 65,000.

இதில் சில இடங்களில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது செக்ரோல் சந்தா. 110 பேர், 100 ரூபா, 12 மாதம் என்றால் 1,32,000 வர வேண்டும். 1,21,000தான் வந்திருக்கிறது. ஒரு மாதம் குறைகிறது. விசாரித்தால், நவம்பர் சம்பளத்தில் வெட்டிய 11,000 ரூபாவுக்கு ஆபிஸில் டிசம்பர் 28ஆம் திகதி போட்டுச் செக் எழுதியிருக்கிறார்கள். துரை கையெழுத்து வைத்து, அது சங்கத்துக்குக் கிடைத்தது ஜனவரி 4ஆம் திகதி. செக்கில் டிசம்பர் என்று எழுதியிருந்தாலும் கைக்கு வந்த நாள்தான் கணக்கு. அது புது வருச வரவு. "செக்கில பழைய திகதிதானே, பழைய வருசத்திலயே போட்டுருவோம், கணக்கு அழகா இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். போடக் கூடாது. போட்டால் வங்கிப் புத்தகம் ஒத்து வராது.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. செக் டிசம்பர் 28இலேயே தயாராகி, "வந்து எடுத்துக்கொண்டு போங்க" என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார், பொருளாளர்தான் சோம்பலில் போகவில்லை என்றால்? அப்போது காசு உங்களுக்காகக் காத்திருந்தது, எடுக்காதது உங்கள் குற்றம். அதைப் பழைய வருசத்திலேயே எழுதி, "ஆபிஸில் உள்ள செக்" என்று குறிப்பிட வேண்டும். வரிச் சட்டத்திலும் இந்த விதி உண்டு. அமெரிக்காவில் சிறிய கம்பனிகள் காசு அடிப்படையிலேயே வரிக் கணக்குக் காட்டலாம். முந்திய மூன்று வருசச் சராசரி வரவு ஓர் எல்லையைத் தாண்டக் கூடாது. 2025இல் அந்த எல்லை 3 கோடியே 10 லட்சம் டொலர். அதைச் சிறிய கம்பனி என்கிறார்கள்! அங்கே சிலர் வருசக் கடைசியில் வரவேண்டிய செக்கை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, வரியை அடுத்த வருசத்துக்குத் தள்ளப் பார்ப்பார்கள். எடுக்கத் தடையில்லாமல் இருந்த காசு எடுத்த காசுதான் என்று அவர்களுடைய சட்டம் சொல்கிறது.

இரண்டாவது மரண உதவிச் செக். ஆறாவது உதவியான 15,000 ரூபாவுக்கு டிசம்பர் 29இல் செக் எழுதிச் சாவு வீட்டாரின் கையில் கொடுத்தாயிற்று. அவர்கள் வங்கிக்குப் போனது ஜனவரி 6. ஆகவே டிசம்பர் 31இல் வங்கிப் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் 80,000 என்று காட்டும். நம் கொப்பி 65,000 என்று சொல்லும். பொருளாளர் பயந்து போவார், அல்லது 15,000 கூடிவிட்டது என்று சந்தோசப்படுவார். இரண்டும் வேண்டாம். கையில் கொடுத்த செக் கொடுத்த காசுதான். 80,000இல் மாறாத செக் 15,000ஐக் கழித்தால் 65,000. இதை ஒரு துண்டில் எழுதிக் கொப்பியில் ஒட்டுங்கள். வங்கிக் கணக்கிணக்கக் கூற்று என்று படித்தவர்கள் சொல்வது இந்தத் துண்டைத்தான். ஆனால் செக்கை எழுதிப் பொருளாளர் தன் லாச்சியில் வைத்திருந்தால் அது கொடுத்ததாகாது. எழுதிய நாள் அல்ல, கொடுத்த நாள்.

மூன்றாவது வட்டி. வங்கிப் புத்தகத்தில் விழுந்தது 3,600 ரூபாதான். நான் ஏன் 4,000 வரவு, 400 செலவு என்று எழுதினேன்? உண்மையான வட்டி 4,000. அதில் 10 சதவீதத்தை வங்கி வரியாகப் பிடித்து இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. 2023 ஜனவரியிலிருந்து 5 சதவீதமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து 10 ஆனது. 3,600 என்று மட்டும் எழுதினால் நாம் கட்டிய வரி நம் கொப்பியிலேயே தெரியாமல் போகும். வங்கியிடம் வரி பிடித்த சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோவையில் போடுங்கள்.

இந்த இடத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சேமலாப நிதிப் பணத்தை நிலையான வைப்பில் போட்டு அந்த வட்டியில் சீவிப்பவர்கள் நம்மிடையே பலர். உங்கள் வட்டியிலும் இந்த 10 சதவீதம் போகும். வருசத்தில் எல்லா வருமானமும் சேர்த்து 18 லட்சம் ரூபாவுக்கு மேல் போகாத தனி ஆள், அதைச் சொல்லிச் சுய பிரகடனப் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்தால் வரி பிடிக்க மாட்டார்கள். 18 லட்சம் எங்கே, நாம் எங்கே! ஆனாலும் படிவம் கொடுக்காவிட்டால் வங்கிக்கு அது தெரியாது. அடுத்த முறை வட்டி எடுக்கப் போகும்போது கேளுங்கள். எழுத முடியாதவர்கள் என்னிடம் வாங்க, எழுதித் தருகிறேன்.

நான்காவது, கொடுத்த கடனும் திரும்பிய கடனும். காசு போனதால் கொப்பியில் செலவுப் பக்கம் வந்திருக்கிறது. ஆனால் அது தீர்ந்துபோன காசு அல்ல, திரும்பி வர வேண்டிய காசு. அதுபோலத் திரும்பி வந்த கடன் சம்பாத்தியமும் அல்ல. "இந்த வருசம் வரவு ஒண்ணே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட" என்று மேடையில் பெருமை பேசும்போது, அதில் 18,000 நம் காசே சுற்றிக்கொண்டு வந்தது என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறேன். மீதி 67,700 என்று வாசித்தாயிற்று. பின்வரிசைக் குரலும் வந்துவிட்டது. இங்கேதான் இன்னொரு தாள் வேண்டும். நான் அதைப் 'பக்கத் தாள்' என்று சொல்வேன். கொப்பியின் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் அந்தத் தாளில் எழுத வேண்டும்.

நம் உதாரணச் சங்கத்தில் கொடுக்க வேண்டியவை இவை. டிசம்பர் 27இல் இன்னொரு சாவு. மரணச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராததால் உதவி கொடுக்கவில்லை: 15,000. டிசம்பர் மாதம் இரண்டு தடவை வந்த லொறிக்கு: 4,000. சாவு வீட்டுக்கு எடுத்த தேயிலை, சீனி, பிஸ்கட் கடைக் கணக்கு: 2,400. அடுத்த வருசத்துக்கென்று மூன்று பேர் முன்கூட்டிக் கட்டியது: 3,600. இந்தக் கடைசியைப் பலர் மறந்துபோவார்கள். காசு கையில் இருக்கிறது, கொப்பியில் வரவாகவும் எழுதியாயிற்று, அது சரிதான். ஆனால் அது அடுத்த வருசத்துக் கடமைக்கு வந்த காசு. இந்த வருசப் பங்கில் அதைத் தொட்டால் அடுத்த வருசம் அந்த மூன்று பேருக்கும் வெறும் கையோடுதான் நிற்போம். எல்லாம் கூட்டினால் 25,000 ரூபா.

வரவேண்டியவை: ஆபிஸ் செக் 11,000, கதிரை வாடகை பாக்கி 1,500, அங்கத்தவர் கடன் பாக்கி 12,000. நிலையான வைப்பு 50,000 தனியாக இருக்கிறது, அதைத் தொடுவதற்கில்லை.

67,700இல் 25,000ஐக் கழிக்கிறோம். 42,700. வரவேண்டியதைக் கூட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். கணக்குப் பாடம் எழுதும் வாத்தியார் கூட்டச் சொல்வார். நான் கூட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அங்கத்தவர் கடன் எப்போது வரும் என்று கடன் வாங்கியவருக்கே தெரியாது. சாவு வீட்டில் போய் "ஆபிஸ் செக் வரும், பொறுங்க" என்று சொல்ல முடியுமா? நான் சொல்லிப் பார்த்தவன். முடியாது.

சரி, 42,700ஐயாவது பங்கு போடலாமா? ஜனவரியில் மூன்று சாவு வந்தால் உதவி மட்டும் 45,000. அதற்கே 2,300 குறைகிறது. லொறியும் தேயிலையும் வேறு. நான் சொல்லிக்கொடுக்கும் டிவிசன்களில் மூன்று மரண உதவிக்குக் குறையாமல் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் இருந்தால்தான் பங்கு என்று கூட்டத்தில் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். சில வருசம் பங்கு வருகிறது, சில வருசம் இல்லை. பொங்கல் பானையில் சங்கத்து அரிசி இல்லாவிட்டாலும் பொங்கும்.

கணக்கை முடிக்கும் நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் 31 பின்னேரம் பெட்டியைத் திறந்து, கமிட்டியில் மூன்று பேர் முன்னால் காசை எண்ணுங்கள். நோட்டு எத்தனை, சில்லறை எத்தனை என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்து வையுங்கள். கொப்பியில் கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போடுங்கள். அதன் பிறகு வரும் எதுவும் மேலே ஏறக் கூடாது. பத்தாம் திகதி வரை கொப்பியைத் திறந்து வைத்து, வந்த காசைப் பழைய வருசத்திலும், போன காசைப் புது வருசத்திலும் போட்டு மீதியைக் கூட்டிக் காட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தேர்தல் வரும் வருசம் என்றால் சொல்லவே வேண்டாம்! எண்ணும்போது காசு குறைந்தால் அன்றே கேளுங்கள். "நான் அவசரத்துக்கு எடுத்தேன், சம்பளத்துக்குப் போட்டுர்றேன்" என்று பொருளாளர் சொன்னால், அவரை அவமானப்படுத்த வேண்டாம். அவர் பேரில் கடன் என்று எழுதி, அவரையே கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பேசாமல் விட்டால் அடுத்த வருசம் அது இரண்டு மடங்காகும்.

இனிக் கடை வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் கொஞ்சம். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் பலர் டவுனில் போன் கடை, சலூன், பலசரக்குக் கடை என்று நடத்துகிறார்கள். ஒன்றிரண்டு பேர் கம்பனியாகப் பதிவு செய்வதைப் பற்றியும் கேட்கிறார்கள். வரிக்கு வருசம் ஜனவரியில் பிறப்பதில்லை. இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. 2017ஆம் ஆண்டு 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, தனி ஆளின் சம்பளமும் வட்டி போன்ற முதலீட்டு வருமானமும் காசு அடிப்படையில்தான். அதாவது மார்ச் மாதச் சம்பளம் ஏப்ரல் 10இல் கைக்கு வந்தால் அது அடுத்த வரி ஆண்டில் சேரும்.

கம்பனி என்று பதிந்துவிட்டால் கதை வேறு. கம்பனி அட்டுறு அடிப்படையில்தான் கணக்குக் காட்ட வேண்டும், எவ்வளவு சின்னதாக இருந்தாலும். நம் கடைகளில் வியாபாரம் எப்படி நடக்கிறது? மார்ச் 20இல் அரிசி போகும், ஏப்ரல் 10இல் சம்பளம் கிடைத்த பிறகு காசு வரும். மார்ச் 31இல் கடன் கொப்பியில் 3 லட்சம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் அந்தக் காசு இல்லை. ஆனாலும் விற்ற சாமான் விற்றதுதான், அந்த வருச வருமானத்தில் அதுவும் சேரும். அதேபோல மொத்தக் கடைக்குக் கொடுக்க வேண்டியதும், வேலை செய்யும் பையனுடைய மார்ச் மாதச் சம்பளமும், அதற்குக் கட்ட வேண்டிய சேமலாப நிதி முதலாளி பங்கு 12 சதவீதமும் நம்பிக்கை நிதி 3 சதவீதமும் இன்னும் கொடுக்காவிட்டாலும் அந்த வருசச் செலவாக எழுதப்படும். ஆகவே கம்பனி தொடங்க நினைக்கும் தம்பிமார், கடன் கொப்பி எவ்வளவு தடிப்பு என்று முதலில் பாருங்கள். பிறகு ஒரு கணக்காளரைக் கண்டு பேசுங்கள். இந்த விசயத்தில் என் படிப்பு இவ்வளவுக்குத்தான் போதும்.

கடைசியாக ஒரு சின்னப் பயிற்சி. வீட்டில் சாதாரண தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் அவரிடம் கொடுத்துக் கேளுங்கள்.

ஒன்று: மாதர் சங்கம் டிசம்பர் 20இல் 8,000 ரூபாவுக்குப் பாத்திரம் வாங்குகிறது. 5,000 அன்றே கொடுத்தார்கள், 3,000 ஜனவரியில் கொடுப்பதாகப் பேச்சு. இந்த வருசக் கணக்கில் எவ்வளவு?

இரண்டு: டிசம்பர் 31 இரவு எட்டு மணிக்கு ஓர் அங்கத்தவர் பொருளாளர் வீட்டுக்கு வந்து 1,000 ரூபா கடனைத் திருப்பிக் கொடுக்கிறார். பின்னேரமே பெட்டி எண்ணிக் கோடும் போட்டாயிற்று. என்ன செய்வது?

மூன்று: டிசம்பர் 30இல் கிடைத்து வங்கியில் போட்ட ஒரு செக், ஜனவரி 7இல் காசில்லை என்று திரும்பி வருகிறது.

விடை: முதலாவதில் கொப்பியில் 5,000, பக்கத் தாளில் 3,000. இரண்டாவதில் காசு வந்தது டிசம்பரில், அதனால் அந்த மூன்று பேரையும் கூப்பிட்டு, எண்ணிய தாளில் 1,000ஐச் சேர்த்து மறுபடி கையெழுத்து வாங்கி, கோட்டைத் திருத்திப் போட வேண்டும். கஷ்டமாக இருந்தால் அடுத்த வருசம் கணக்கை இரவு எட்டு மணிக்குப் பிறகு முடியுங்கள். மூன்றாவதைப் பற்றி எங்கள் ஆபிஸிலேயே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். நான் செய்வது இது: கூட்டம் இன்னும் நடக்கவில்லை என்றால் பழைய வருசக் கணக்கிலேயே அந்த வரவை எடுத்துவிட்டு, காரணத்தை ஓரத்தில் எழுதி வைப்பேன். கூட்டம் முடிந்து கணக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு திரும்பி வந்தால், புது வருசத்தில் 'திரும்பிய செக்' என்று செலவுப் பக்கம் போட்டு, செக் கொடுத்தவரின் பேரைப் பக்கத் தாளில் ஏற்றுவேன்.

கொப்பிகளைப் பார்க்க வேண்டியவர்கள் ஜனவரி முதல் வாரத்தில் பிரட்டு முடிந்த பிறகு கொண்டு வாங்க. வங்கிப் புத்தகத்தைப் பதிந்து கொண்டு வாங்க. பக்கத் தாள் இல்லாத கொப்பிக்கு நான் கையெழுத்து வைப்பதில்லை.